வீதியைப் பார்த்த காடை

மெஸ்கீட் கிரீன், அரிசோனா
மார்ச் 4, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஐலாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமையே கிடைத்தது. பதில் எழுத நான்கு நாள் எடுத்துக்கொண்டேன், மன்னித்துக்கொள். டுலூத்தில் ஏரி இன்னும் உறைந்தே கிடப்பதாக எழுதியிருந்தாய். இங்கே என் எலுமிச்சை மரம் பூத்துவிட்டது. அப்பா போய் இரண்டு வாரமே ஆன பெண்ணிடம் பூவைப் பற்றிப் பேசலாமா என்று தெரியவில்லை. ஆனால் உன் அப்பா என் வீட்டுக்கு வந்தால் முதலில் அந்த மரத்தடியில்தான் போய் நிற்பார். அதனால் சொன்னேன்.

வீடு பத்திரமாக இருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் உள்ளே போய்க் குழாய்களைத் திறந்துவிட்டு வருகிறேன். தபால்களை ஒரு பையில் சேர்த்து வைத்திருக்கிறேன். குளிர்பெட்டியைக் காலி செய்தாயிற்று. கார் கொட்டகையில் அவர் தன் கையால் கட்டிய சவுனாவை மட்டும் நான் தொடவில்லை. சுடுகல்லில் தண்ணீர் ஊற்றி வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருப்பாரே, அந்த மர அறையைத்தான் சொல்கிறேன். அவர் துண்டு இன்னும் அதே ஆணியில் தொங்குகிறது. நான்கு வருடம் முன்பு அவர் அதைக் கட்டியபோது தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. "வெளிய நூத்திப் பதினஞ்சு டிகிரி அடிக்குது, உள்ள எதுக்குய்யா இன்னொரு அடுப்பு?" என்று பக்கத்து வீட்டு ஹார்லன் கேட்டார். உன் அப்பா ஆணி அடிப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "வெளிய இருக்கிறது வெயில். உள்ள இருக்கப் போறது சூடு. ரெண்டும் ஒண்ணுன்னு யார் சொன்னது?"

இங்கே குடிவருவதைப் பற்றி என் கருத்தைக் கேட்டிருந்தாய். ஐம்பத்தாறு வயது ஆகிவிட்டது, ஐம்பத்தைந்து தாண்டியவர்களுக்கே வீடு என்ற இந்த ஊர் விதிப்படி எனக்கு இடமுண்டு, வேலையைக் கணினியிலேயே செய்துகொள்ளலாம், அப்பாவின் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். உன்னைப் போன்றவர்கள் இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். பதினான்கு வருடம் முன்பு நானும் காலஞ்சென்ற என் கணவர் ஜோவும் அயோவாவிலிருந்து வந்தது வெயிலுக்காக மட்டும்தான். பனி அள்ளி அள்ளி அவருடைய முதுகு போயிருந்தது. அன்று வந்தவர்கள் எல்லோரும் ஓய்வெடுக்க வந்தவர்கள். இன்று வருகிறவர்கள் காலை ஆறு மணிக்கே பிக்கிள்பால் என்ற பந்தாட்டத்துக்கு மட்டையோடு ஓடுகிறார்கள். மதியம் கணினியில் கூட்டம், சாயங்காலம் சல்சா நடன வகுப்பு. பழைய குண்டு உருட்டும் புல்தரையை எடுத்துவிட்டு ஆறு ஆட்டக்களம் போட்டாயிற்று. மூன்று வீடு தள்ளி ஒருத்தி இணையத்தில் வகுப்பு நடத்துகிறாள், தலையில் ஒரு நரைமுடி கிடையாது. உன் அப்பா அவளைப் பார்த்து, "அந்தப் பொண்ணோட பிறப்புச் சான்றிதழைப் பார்த்தீங்களா, பத்திரிகைக்காரம்மா? எனக்கு நம்பிக்கை இல்ல" என்பார். முப்பத்தோரு வருடம் ஒரு சிற்றூர்ச் செய்தித்தாளில் வேலை பார்த்தேன் என்பதற்காக அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

காடை விஷயத்தையும் கேட்டிருந்தாய். அப்பா தொலைபேசியில் சொன்னது பாதிதான் புரிந்தது என்றாய், முழுக்கச் சொல்கிறேன். எட்டு வருடம் முன்பு இந்தத் தெருவில் ஒருவர் இறந்து நான்கு நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்தார். அதற்குப் பிறகு ஹார்லன் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மண் காடைப் பொம்மை வாங்கி வாசல் படியில் வைக்கச் செய்தார். இரவு படுக்கும்முன் அதை வீட்டுப் பக்கம் திருப்ப வேண்டும். காலையில் எழுந்ததும் வீதிப் பக்கம் திருப்ப வேண்டும். எட்டரை மணிக்கு ஹார்லன் நாயோடு நடந்து வருவார். ஏதாவது ஒரு காடை இன்னும் வீட்டைப் பார்த்து நின்றால் எதிர் வீட்டுக்காரரிடம் சொல்வார். எதிர் வீட்டுக்காரர் போய் மணி அடிக்க வேண்டும், பதில் இல்லையென்றால் மாற்றுச் சாவியால் திறந்து பார்க்க வேண்டும். காடை வீதியைப் பார்த்தால் ஆள் நலம், தொந்தரவு செய்யக் கூடாது. அவ்வளவுதான் ஏற்பாடு. உன் அப்பாவுக்கு எதிர் வீடு நான்.

கடைசி நாளைப் பற்றி நீ கேட்டதையெல்லாம் வரிசையாக எழுதுகிறேன். முந்தின நாள் சனிக்கிழமை, மன்றத்தில் நடன விருந்து. அங்கிருந்து வீட்டுக்குக் கிளம்பும்போது உன் அப்பா, இங்கே எல்லோரும் தெருவில் ஓட்டும் அந்தச் சின்ன கோல்ஃப் வண்டிகளில், தன்னுடையதற்குப் பதிலாக எங்கள் நடனக் கூட்டத்து நெல்டாவின் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஒரே கம்பெனி வண்டிகளுக்கு ஒரே சாவி, யார் சாவி போட்டாலும் யார் வண்டியும் கிளம்பும். இங்கே எல்லோருக்கும் ஒரு தடவையாவது நடந்திருக்கிறது. மறுநாள் ஞாயிறு காலை எட்டரைக்கு ஹார்லன் நடந்து வந்தபோது காடை வீதியைப் பார்த்திருந்தது. பதினொன்று பத்துக்கு நெல்டா வந்து வண்டிகளை மாற்றிக்கொண்டு போனாள். மாலை ஆறு பத்துக்கு நான் போனபோது அவர் சமையலறைத் தரையில் கிடந்தார். பக்கவாதம். செவ்வாய்க்கிழமை காலை நீ பக்கத்தில் இருக்கும்போதே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வழக்கமாகக் கூப்பிடும் நீ அன்று கூப்பிடவில்லை, அதுதான் காரணம் என்று உன்னை நீயே வாட்டிக்கொள்கிறாய். வேண்டாம். அதை மட்டும் செய்யாதே.

குடிவருவதைப் பற்றி யோசித்து எழுதுகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள், பனியில் தனியாக வண்டி ஓட்டாதே.

உன் நலம் விரும்பும்,
லவோன் ப்ரோஹாஸ்கா


மெஸ்கீட் கிரீன்
மார்ச் 19, புதன்கிழமை

அன்புள்ள ஐலா,

உன் இரண்டாவது கடிதம் நேற்று மதியம் வந்தது. மூன்று முறை படித்தேன். ஏப்ரல் மாதக் கடைசியில் வந்துவிடுவதாக எழுதியிருக்கிறாய். அடுத்த சனிக்கிழமை டுலூத் தேவாலயத்தில் அப்பாவுக்கு நினைவுக் கூட்டம், அங்கே பேசப் போவதையும் எழுதியிருக்கிறாய். 'கடைசி நாளிலும் அப்பா எழுந்து, காடையைத் திருப்பி வைத்து, காப்பி குடித்துவிட்டுத்தான் போனார் என்று சொல்வேன், அந்த ஒரு நினைப்பில்தான் இரவில் தூக்கம் வருகிறது' என்கிறாய்.

அதனால்தான் இன்றே எழுதுகிறேன். நீ அதைச் சொல்லக் கூடாது ஐலா. அது நடக்கவில்லை.

காடையைத் திருப்பியது நான்.

போன கடிதத்தில் காடை வீதியைப் பார்த்திருந்தது என்று எழுதினேன். யார் திருப்பினார்கள் என்பதை விட்டுவிட்டேன். தெரிந்தே விட்டேன். இந்த ஊர் மாத இதழில் வந்த இரங்கல் குறிப்பையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன், அதிலும் அப்படியேதான் விட்டேன். முப்பத்தோரு வருடத்தில் எத்தனையோ தவறு அச்சாகியிருக்கிறது. தெரிந்து செய்த தவறு அது ஒன்றுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை நடன விருந்தில் உன் அப்பா என்னோடு ஒரு ஆட்டம் ஆடினார். நெல்டாவோடு மூன்று. நெல்டாவை நீ பார்த்திருக்கிறாய், மருத்துவமனைக்கு மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு வந்து உன்னைக் கட்டிப்பிடித்து அழுதாளே, அந்த டெக்சாஸ்காரி. அவள் வண்டிக் கூரையும் மஞ்சள்தான், முன்னால் பிளாஸ்டிக் சூரியகாந்தி செருகியிருக்கும், ஒரு மைல் தூரத்தில் வந்தாலும் தெரியும். ஒன்பது மணி இருக்கும், உன் அப்பா என் மேசைக்கு வந்தார். "தலை ஒரு மாதிரியா இருக்கு, பத்திரிகைக்காரம்மா. நான் கிளம்புறேன்" என்றார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மூணு ஆட்டம் ஆடினா தலை சுத்தத்தான் செய்யும். போய்ப் படுங்க" என்றேன். அவர் சிரித்தார். நின்றார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு போய்விட்டார். நான் அவரிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

ஞாயிறு காலை ஏழே முக்காலுக்கு ஜன்னல் திரையை விலக்கினேன். உன் அப்பா வாசலில் நெல்டாவின் வண்டி நின்றது. சூரியகாந்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே சாவிதான் எல்லா வண்டிக்கும் என்பது எனக்குத் தெரியாதா? நானே இரண்டு முறை ஹார்லன் வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்திருக்கிறேன். அன்று அது நினைவுக்கு வரவில்லை. வண்டி நின்றால் வண்டிக்காரியும் உள்ளே இருப்பாள் என்று முடிவு கட்டிவிட்டேன். எந்தச் செய்தியையும் இரண்டாவது ஆளிடம் விசாரிக்காமல் அச்சுக்கு அனுப்பாதவள் நான். அந்தச் செய்தியை யாரிடமும் விசாரிக்கவில்லை.

உன் அப்பாவுக்கும் எனக்கும் இடையில் ஒன்றும் இல்லை, ஐலா. வாயால் சொல்லப்பட்டது ஒன்றும் இல்லை என்று எழுதுவதுதான் சரி. செவ்வாய்க்கிழமைகளில் சேர்ந்து சாப்பிடுவோம். வியாழக்கிழமை அவர் என் குழாய், விளக்கு எதையாவது பழுது பார்க்க வருவார். பழுது இல்லாத வாரத்திலும் வருவார்.

எட்டு இருபது ஆயிற்று, காடை திரும்பவில்லை. இன்னும் பத்து நிமிடத்தில் ஹார்லன் நாயோடு வருவார், என் கதவைத் தட்டுவார், நான் போய் மணி அடிக்க வேண்டும். நெல்டா வந்து கதவைத் திறப்பாள். "என்ன கண்ணு, இவ்வளவு காலங்காத்தால?" என்பாள், அவளுக்கு எல்லோருமே கண்ணுதான். அந்த வாசலில் அவள் முன்னால் நிற்க என்னால் முடியாது என்று தோன்றியது.

இன்னொன்றும் உண்டு. போன டிசம்பரில் இதே மாதிரி ஒரு நாள் காடை திரும்பவில்லை. மணி அடித்தேன், பதில் இல்லை. சாவி போட்டுத் திறந்து வீடு முழுக்கத் தேடி, கார் கொட்டகைக்குப் போய் சவுனாக் கதவைத் திறந்தேன். உன் அப்பா நிம்மதியாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். துண்டு ஆணியில் இருந்தது. அவசரமாக ஒரு வாளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "செய்தி சேகரிக்க வந்தீங்களா? படம் வேண்டாம், பத்திரிகைக்காரம்மா" என்றார். தெரு முழுக்க ஒரு வாரம் சிரித்தது. அப்புறம் தனியாக என்னிடம், "அடுத்த தடவை கொஞ்சம் பொறுத்துத்தான் வாங்களேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அது என் காதில் வேறு மாதிரி ஒலித்தது.

எட்டு இருபத்தைந்துக்குத் தெருவைக் கடந்தேன். அவர் வாசலில் காலைச் செய்தித்தாள் கட்டுக் கலையாமல் கிடந்தது. அவர் எழுந்தால் முதலில் எடுப்பது அதைத்தான். செய்தித்தாளில் வேலை பார்த்த நான் அதைத் தாண்டிக் காலை வைத்தேன். குனிந்து காடையை வீதிப் பக்கம் திருப்பினேன். வீட்டுக்கு வந்தேன். எட்டரைக்கு ஹார்லன் வந்தார், எதிர் வாசலைப் பார்த்தார், எனக்குக் கையசைத்துவிட்டுப் போனார்.

பதினொன்று பத்துக்கு நெல்டா வந்தாள். அவள் உள்ளேயிருந்து வரவில்லை. தெருமுனையிலிருந்து உன் அப்பாவின் பச்சை வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். நான் எலுமிச்சை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அங்கிருந்தே கத்தினாள்: "உங்க ஆளு நேத்து என் வண்டிய தள்ளிக்கிட்டு வந்துட்டாரு, கண்ணு. வயசாயிருச்சு, கண்ணாடிய மாத்தச் சொல்லுங்க." உங்க ஆளு என்றாள். பிறகு காடையைப் பார்த்தாள். "எந்திரிச்சுட்டாரு போல. தொந்தரவு பண்ணல, நான் பாட்டுக்கு மாத்திக்கிட்டுப் போறேன்" என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இதற்குப் பிறகு வருவதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம்.

அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உன்னிடம் எப்படிச் சொல்வது? எழுபத்து நான்கு வயதில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்று சிரித்தேன். காலையில் நினைத்ததையெல்லாம் நினைத்து வெட்கப்பட்டேன். வெட்கத்தோடு அந்தக் காலையையே துடைத்துப் போட்டுவிட்டேன். காடை என் கண்ணெதிரில்தான் நின்றது. அதைத் திருப்பியது என் கை என்பது சுத்தமாக மறந்துபோயிற்று, ஐலா. எல்லோரையும் போல நானும் அதைப் பார்த்தேன், எல்லோரையும் போல அவர் நலம் என்று நம்பினேன். நீச்சல் குளத்துக்குப் போய் வந்தேன். எலுமிச்சை பறித்து அவருக்குப் பிடித்த 'லெமன் பை' என்ற இனிப்பு ஒன்று சுட்டேன். மேல் மாவு ஒரு ஓரத்தில் கருகியது, மறுபடி செய்தேன். அதனால்தான் ஆறு பத்து ஆயிற்று. இல்லையென்றால் ஐந்து மணிக்கே போயிருப்பேன்.

மணி அடித்துவிட்டுக் காத்திருந்தேன். செய்தித்தாள் அங்கேயே கிடந்தது. குனிந்து எடுக்கப் போனபோது காடை என் முகத்துக்கு நேராக இருந்தது. அப்போது நினைவு வந்தது.

அவர் இரவு உடையில் இருந்தார். காப்பிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றியிருந்தது, அடுப்பைப் போடவில்லை. கண் திறந்திருந்தது, என்னைத் தெரிந்தது. என் கையைப் பிடித்தார், இடது கையால். பேச்சு வரவில்லை. நான் பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

உன் அப்பா கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று ஆம்புலன்ஸ்காரர் கேட்டார். "காலைல எட்டரைக்கு நல்லா இருந்தாரு, காடை திரும்பியிருந்துச்சே" என்று வண்டிச் சத்தம் கேட்டு வந்த ஹார்லன் சொன்னார். அதை எழுதிக்கொண்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. மருத்துவமனையில் டாக்டரைத் தனியாகப் பார்த்துச் சொன்னேன். அவர் இளைஞர், என்னை நோகடிக்க விரும்பவில்லை. "இப்போ சிகிச்சையில எதுவும் மாறாதும்மா" என்றார். காலையிலேயே கொண்டு வந்திருந்தால் என்று கேட்டேன். "அது வேற பேச்சா இருந்திருக்கும்" என்றார். எவ்வளவு வேறு என்று நான் கேட்கவில்லை. மறுநாள் மதியம் நீ வந்தபோது ஹார்லன் உன்னிடமும் அந்த எட்டரை மணியைச் சொன்னார். நீ என்னைக் கட்டிக்கொண்டு நன்றி சொன்னாய்.

நான்கு வருடம் முன்பு, அவர் இங்கே குடிவந்த மாதம், நீ என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாய். அம்மா போன பிறகு அப்பாவைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை, அவரோ பிடிவாதம் பிடிக்கிறார் என்றாய். "தினமும் காலைல அவர் வாசலை ஒரு தடவை பார்ப்பீங்களா?" என்று கேட்டாய். பார்ப்பேன் என்றேன். பார்த்தேன். ஆயிரத்துச் சொச்சம் நாள் பார்த்தேன்.

நீ ஞாயிறு மதியம் கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்துவிட்டேன். அவர் எடுத்திருக்க மாட்டார். நீ எனக்குக் கூப்பிட்டிருப்பாய். நான் சிரித்துக்கொண்டே, காடை வீதியைப் பார்க்குது, கவலைப்படாதே என்று சொல்லியிருப்பேன். அல்லது சொல்ல வாயெடுத்தபோது என் கை நினைவுக்கு வந்திருக்கும். எது என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததாக எழுதவும் மாட்டேன். ஆனால் அந்தப் பாரம் உன்னுடையது இல்லை. அதை இறக்கி வை. உன் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு இதைச் சொல்கிறேனே என்று தெரிகிறது. நினைவுக் கூட்டத்தில் நீ சொல்லப் போவதைக் கேட்டு அத்தனை பேர் தலையாட்டுவார்கள் என்று நினைத்தபோது என்னால் இருக்க முடியவில்லை. ஹார்லனிடமும் நெல்டாவிடமும் இன்று மாலை சொல்லப் போகிறேன். முதலில் உனக்குத் தெரிய வேண்டும்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். இங்கே வரலாமா என்று கேட்டாய். விளம்பரத்தில் வெயில் இருக்கும், நீச்சல் குளம் இருக்கும், சிரிக்கிற கிழவர்கள் இருப்பார்கள். எல்லாம் உண்மைதான். உன் அப்பா இங்கே நான்கு வருடம் நன்றாகச் சிரித்தார், அதற்கு நான் சாட்சி. விளம்பரத்தில் போடாதது ஒன்று உண்டு. இங்கே ஒருவர் உயிர் இன்னொருவர் ஜன்னலில் இருக்கிறது. அந்த ஜன்னலில் நிற்பவளும் மனுஷிதான். அவளுக்கும் பொறாமை வரும், மறதி வரும், சந்தோஷம்கூட வரும். இது தெரிந்து வருவதென்றால் வா. வேறு தெருவில் வீடு பார்த்துக்கொண்டாலும், வராமலே இருந்துவிட்டாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டாலும் புரிந்துகொள்வேன். வீட்டுச் சாவியை ஹார்லனிடம் கொடுத்துவிடுகிறேன்.

காடை இப்போது வீட்டைப் பார்த்து நிற்கிறது. ஆம்புலன்ஸ் போனதும் நானே திருப்பி வைத்தேன். அதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. நீ வரவில்லையென்றால் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் போட்டு அனுப்புகிறேன். வந்தால், முதல் நாள் காலையில் அதை நீயே உன் கையால் திருப்ப வேண்டும். இனி நான் பிறர் காடை எதையும் திருப்ப மாட்டேன்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் மகளே. இப்படிக் கூப்பிட எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. பிடிக்கவில்லையென்றால் அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடு.

ஒருவேளை நீ வந்து, இந்த எதிர் வீட்டையே வைத்துக்கொண்டால், எட்டரை மணிக்குள் உன் காடை திரும்பாத நாளில் நான் தெருவைக் கடந்து வருவேன். மணி அடிப்பேன். வாசலில் யார் வண்டி நின்றாலும் அடிப்பேன்.

உன் வாசலைப் பார்த்தபடி,
எதிர் வீட்டு லவோன்